வேலைநிறுத்தம் மறைந்துபோன தீவு

1952 மே மாதம் சிங்கப்பூரில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்களும் இந்தியர்களும். வாங்கும் சம்பளம் கைக்கும் வாய்க்கும் போதவில்லை என்பது புகார். கேம்பிரிட்ஜில் படித்து முடித்து ஊர் திரும்பியிருந்த ஓர் இளம் வக்கீல் அவர்களுக்குச் சட்ட ஆலோசகராக வந்து சேர்ந்தார். பெயர் லீ குவான் யூ. யாழ்ப்பாணத்தில் பிறந்த பத்திரிகையாளர் எஸ். ராஜரத்தினம் தொழிலாளர் பக்கத்து நியாயத்தைத் தன் பேனாவால் தாங்கிப் பிடித்தார். இரண்டே வாரத்தில் அரசு இறங்கி வந்தது. அதற்கப்புறம் சங்கங்கள் வரிசைகட்டி லீயின் அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தன. 1954ல் அவர் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியபோது அதன் காலாக இருந்தவை இந்தச் சங்கங்கள்தான்.

1967 பிப்ரவரியில் அதே லீ பிரதமர். இந்தத் தடவை வேலையை நிறுத்தியவர்கள் தெருக் கூட்டும் துப்புரவுத் தொழிலாளர்கள், ஏறத்தாழ 2,400 பேர். அந்த வேலையில் அப்போது தமிழர்கள் நிறைய. தினக்கூலி அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவர் சுப்பையா என்பவர். அரசு அவரையும் மற்ற தலைவர்களையும் சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்ததாகக் கைது செய்தது. சங்கப் பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நோட்டீஸ் போனது. வேலைக்கு வராதவர்கள் தாங்களே வேலையை விட்டுவிட்டதாக அறிவித்து, வேண்டுமானால் மறுநாள் புதிதாக மனுப் போடலாம் என்றார்கள். மறுநாள் பெரும்பாலானவர்கள் மனுவோடு வரிசையில் நின்றார்கள்.

இரண்டுக்கும் நடுவே 15 வருடம்கூட முழுதாக ஆகவில்லை. சிங்கப்பூரில் தொழிலாளியும் முதலாளியும் சண்டை போடுவதில்லையே, எப்படி என்று கேட்டால், சீனப் பண்பாடு, பெரியவர்களுக்குப் பணியும் குணம் என்று ஒரு பதில் தயாராக வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதே கன்பூசியஸ் மரபு ஊறிய தென்கொரியாவில் 1970ல் சோன் டே இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள் என்று கத்தியபடி தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டார். 1987 கோடையில் உல்சானின் கப்பல் கட்டும் தளம் முதல் சின்னச் சின்னப் பட்டறை வரை நாடே வேலையை நிறுத்தியது. பண்பாடு ஒன்றாக இருந்தும் கதை வேறாகப் போயிருக்கிறது. ஏன், சிங்கப்பூரின் 1955ஐப் பார்த்தாலே போதும்.

அலெக்சாண்ட்ரா சாலையில் ஹாக் லீ பேருந்து நிறுவனத்தின் பணிமனை. நிர்வாகம் தனக்கு வேண்டிய ஒரு சங்கத்தை வளர்த்தது. எதிர்ச் சங்கத்தில் சேர்ந்தவர்களை வேலையை விட்டு நீக்கியது. நீக்கப்பட்டவர்கள் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பேருந்து வெளியே போக வேண்டுமானால் அவர்கள் மேல் ஏறித்தான் போக வேண்டும். போலீஸ் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சி அவர்களைக் கிளப்பியது. சீனப் பள்ளி மாணவர்கள் லாரி லாரியாக வந்து சோறு கொடுத்தார்கள், பாட்டுப் பாடினார்கள். மே 12ஆம் தேதி அது கலவரமாகி 4 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் அமெரிக்கப் பத்திரிகையாளர், ஒருவர் பள்ளி மாணவர். ஆனால் கணக்குப் பார்த்தால் ஜெயித்தது தொழிலாளிதான். நீக்கப்பட்டவர்களை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வாசலை மறித்தால் காரியம் நடக்கும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

இதில் கூலி மட்டும் பிரச்சினை இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேருந்துத் தொழிலாளர் சங்கத்தின் ஃபோங் ஸ்வீ சுவான், அவருடைய தோழர் லிம் சின் சியோங் ஆகியோருக்கு வெள்ளைக்காரனை விரட்டுவதும் சம்பளம் உயர்த்துவதும் ஒரே போராட்டம். லீயும் அவர்கள் தோளில் ஏறித்தான் 1959ல் ஆட்சிக்கு வந்தார். 1961ல் கட்சி இரண்டானது. சங்கங்களும் கூடவே இரண்டாயின. இடதுசாரிகள் பக்கம் ஒரு சம்மேளனம், அரசு பக்கம் தேசிய தொழிற்சங்க காங்கிரஸ், அதாவது என்டியுசி. இடதுசாரிகள் பக்கம்தான் பெரிய கூட்டம். 1961 ஜூலையிலிருந்து 1962 செப்டம்பருக்குள் 153 வேலைநிறுத்தங்கள் நடந்ததாக லீ பின்னாளில் எழுதினார். 1963 பிப்ரவரியில் ‘கோல்ட்ஸ்டோர்’ என்ற பெயரில் ஒரே இரவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரணையின்றி உள்ளே வைத்தார்கள். லிம் சின் சியோங்கும் அதில் உண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் இடதுசாரிச் சம்மேளனம் பதிவு மறுக்கப்பட்டுக் கலைந்தது. அரசு, முதலாளி, சங்கம் என்ற முத்தரப்பின் ஒற்றுமை என்று இன்று பாடப் புத்தகத்தில் வரும் கதைக்கு முன்னால் இந்த ஓர் இரவு இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் படித்தால் கதை பாதிதான் புரியும்.

அப்புறம் 1965ல் மலேசியாவிலிருந்து பிரிவு. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் ராணுவத் தளங்களைக் காலி செய்யப்போவதாக அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் மட்டும் எத்தனையோ மலையாளிகள், தமிழர்கள். இத்தனை பேருக்கும் வேலை வேண்டும். வேலை கொடுக்க உள்ளூரில் பெரிய முதலாளி யாரும் இல்லை. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கம்பெனிகள் வர வேண்டும். அவை வருவதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் ஊர்த் தொழிலாளி எப்படி என்பதுதான்.

அதற்கான பதிலை அரசு சட்டமாகவே எழுதியது. 1968 ஏப்ரல் தேர்தலில் மக்கள் செயல் கட்சி 58 இடங்களையும் பிடித்தது. 51ல் எதிர்த்து நிற்கவே ஆள் இல்லை. ஆகஸ்டில் இரண்டு சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. முதலாவது வேலை நியமனச் சட்டம்: வாரத்துக்கு 44 மணி நேரம், பொது விடுமுறை 15லிருந்து 11 நாள், ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கவே மூன்று வருடச் சேவை வேண்டும். கூடுதல் நேர வேலைக்கும் போனசுக்கும்கூட உச்சவரம்பு. இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் பார்வையில் நிஜமான மாற்றம் இரண்டாவது சட்டத்தில், தொழில் உறவுச் சட்டத் திருத்தத்தில் இருந்தது. ஆள் எடுப்பது, பதவி உயர்வு கொடுப்பது, இடம் மாற்றுவது, யாருக்கு எந்த வேலை என்று ஒதுக்குவது, ஆட்குறைப்பு, வேலைநீக்கம் ஆகியவை முதலாளியின் உரிமை. சங்கம் இவற்றைப் பற்றிப் பேரம் பேசவே கூடாது. வேலைநீக்கம் அநியாயம் என்று பட்டால் தொழிலாளி அமைச்சரிடம் முறையிடலாம், அவ்வளவுதான்.

ஹாக் லீயோடு இதை ஒட்டிப் பாருங்கள். அங்கே சண்டை எதற்கு? வேலைநீக்கத்துக்கு. இந்தச் சட்டப்படி அதே சண்டையை 1968ல் சங்கம் ஆரம்பிக்கவே முடியாது. சம்பளம், போனஸ், விடுப்பு பற்றிப் பேசலாம். ஆனால் சங்கத்தில் சேர்ந்த குப்பனை ஏன் இரவு ஷிப்ட்டுக்கு மாற்றினாய் என்று ஒப்பந்தப் பேச்சில் கேட்க முடியாது. பேச்சு தோற்றால் தொழில் நடுவர் நீதிமன்றம். 1960லிருந்தே அது இருக்கிறது, தகராறு அதன் கைக்குப் போனபின் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். 1969ல் ஒரு வேலைநிறுத்தம்கூட நடக்கவில்லை. போருக்குப் பிறகு அப்படி ஒரு ஆண்டு அதுதான் முதல் தடவை. அதே சமயத்தில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், நேஷனல் செமிகண்டக்டர் என்று மின்னணுக் கம்பெனிகள் வந்து இறங்கின.

சரி, பேரம் பேச இவ்வளவு குறைவாக இருக்கும் சங்கத்தில் யார் சந்தா கட்டுவார்கள்? உறுப்பினர்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். என்டியுசி தலைவர்களுக்கே இது பயமாகத்தான் இருந்தது. 1969 நவம்பரில் ஒரு பெரிய கருத்தரங்கு கூட்டினார்கள். அதை முன்னின்று நடத்தியவர் தேவன் நாயர், வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு தடவை சிறை சென்று வந்த பழைய போராளி, 1981ல் நாட்டின் அதிபராகவே ஆனவர். கருத்தரங்கில் பிறந்த யோசனை: சங்கம் கடை நடத்தட்டும், காப்புறுதி விற்கட்டும், டாக்சி ஓட்டட்டும். 1970ல் இன்கம் காப்புறுதியும் கம்ஃபர்ட் டாக்சியும் வந்தன. 1973ல் தோ பாயோவில் சங்கத்தின் முதல் பேரங்காடி திறந்தது, இன்றைய ஃபேர்பிரைஸ். விலைவாசி எகிறிய காலம் அது. சண்டை போட்டுச் சம்பளத்தை உயர்த்த முடியாத சங்கம் அரிசி விலையைக் குறைத்துக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். (அந்த இன்கமின் பெரும்பங்கை 2024ல் ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு விற்கப் பார்த்து, ஊரெல்லாம் கூச்சல் எழுந்து, கடைசியில் அரசே தடுத்தது தனிக் கதை.)

கடையைவிடப் பெரிய கைமாறு 1972ல் கிடைத்தது. தேசிய சம்பள மன்றம். முதலாளிகள், சங்கங்கள், அரசு என மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த ஆண்டு சம்பளம் எவ்வளவு உயரலாம் என்று முடிவு சொல்லும். பேச்சு மூடிய அறைக்குள். ஓட்டெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் பரிந்துரை வெளியே வரும். சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அரசு முதல் ஆளாகப் பின்பற்றுவதால் மற்றவர்கள் விலக முடியாது. முதல் ஆண்டுப் பரிந்துரை 8 சதவீதம். பொருளியல் பேராசிரியர் லிம் சோங் யா தொடக்கத்திலிருந்து 2001 வரை தலைவர்.

ஆக, சங்கம் தொழிற்சாலை வாசலைக் கொடுத்துவிட்டு நாட்டின் மேசையில் ஒரு நாற்காலி வாங்கிக்கொண்டது. அந்த நாற்காலிக்கு நிஜமான மதிப்பு இருந்தது என்பதை மறுக்க முடியாது. என்டியுசி பொதுச்செயலாளர் பலமுறை அமைச்சரவையிலேயே இருந்திருக்கிறார். மற்ற நாட்டுச் சங்கத் தலைவர்களுக்கு நிதியமைச்சர் பக்கத்தில் அப்படி இடம் கிடைப்பது அரிது. ஆனால் மேசையில் உட்கார்ந்தவர் மேசையின் முடிவைத் தன் ஆட்களிடம் கொண்டுபோய் விற்கவும் வேண்டும். அந்த வேலை எவ்வளவு கசப்பானது என்பது 1986ல் தெரிந்தது.

1985ல் பொருளாதாரம் சுருங்கியது. கூலிச் செலவு எகிறிவிட்டதுதான் காரணம் என்றார்கள். அதை எப்படிக் குறைத்தார்கள் என்பதை ஒரு சம்பளச் சீட்டில் பார்க்கலாம். மாதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கும் ஒருவர். பிஎஃப் போன்ற கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு அவர் பங்கு 25 சதவீதம், முதலாளி பங்கு 25 சதவீதம். கையில் வருவது 750. முதலாளிக்கு ஆகும் செலவு 1,250. 1986 ஏப்ரலில் முதலாளி பங்கை 10 சதவீதமாக்கினார்கள். தொழிலாளி கையில் அப்போதும் அதே 750. முதலாளி செலவு 1,100. ஒரே அறிவிப்பில் கூலிச் செலவு 12 சதவீதம் இறங்கிவிட்டது. சம்பளக் கவரைப் பிரித்துப் பார்ப்பவருக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது. ஆனால் வீட்டுக் கடன் தவணை பலருக்கும் அந்தச் சேம நிதியிலிருந்துதான் போகிறது. மாதம் 150 வெள்ளி குறைந்தால் எங்கே வலிக்கும் என்று வீடு வாங்கியவர்களுக்குத் தெரிந்தது. மற்ற நாட்டில் இப்படிச் செய்தால் தெருவில் கல் பறக்கும். இங்கே சங்கமே விளக்கம் சொல்லி ஏற்றுக்கொள்ள வைத்தது; சம்பள உயர்வுக்கும் இரண்டு ஆண்டு தடை. பொருளாதாரம் வேகமாக எழுந்தது, வேலைகள் திரும்பின, முதலாளி பங்கும் படிப்படியாக உயர்ந்தது. ஆனால் பழைய 25 சதவீதத்துக்கு அது திரும்பவே இல்லை. இன்று 17.

விசித்திரம் என்னவென்றால், அதே 1986 ஜனவரியில், இவ்வளவு நெருக்கடிக்கு நடுவில், ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. ஹைட்ரில் என்ற அமெரிக்க எண்ணெய்க்கிணறு உபகரணக் கம்பெனி. சங்கக் கிளையில் இருந்தவர்களை நிர்வாகம் வெளியேற்றுகிறது என்பது குறை. 61 பேர் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அனுமதி கொடுத்தவர் அன்றைய என்டியுசி பொதுச்செயலாளர் ஓங் தெங் சியோங், துணைப் பிரதமரும் அவரே. அமைச்சரவையிடம் சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லாமலே அனுமதித்ததாகப் பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் சொன்னார். வர்த்தக அமைச்சருக்குக் கடும் கோபம். அமெரிக்காவிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. இரண்டே நாளில் பிரச்சினை தீர்ந்தது. நிர்வாகம் எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியும் என்பது அந்த இரண்டு நாளில் தெரிந்துபோனது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மேசையில் உட்கார்ந்திருப்பவரே ஒரு தடவை எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார், வேலை செய்கிறதா என்று. செய்திருக்கிறது. அப்புறம் 26 வருடம் யாரும் அதைச் செய்து பார்க்கவில்லை.

இடையில் சங்கங்களின் வடிவமும் மாறியது. எல்லாத் துறைக்கும் ஒரே சங்கம் என்று பெருத்துக் கிடந்த இரண்டு ராட்சத அமைப்புகள் எண்பதுகளின் தொடக்கத்தில் துண்டாக்கப்பட்டன. அவற்றைக் கையில் வைத்திருந்த ஃபே இயூ கோக், என்டியுசி தலைவரும் ஆளுங்கட்சி எம்பியும், சங்கப் பணத்தைக் கையாடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1980ல் ஜாமீனில் இருந்தபோது தலைமறைவானார். 35 வருடம் கழித்து 2015ல் பாங்காக்கில் சிங்கப்பூர்த் தூதரகத்தில் தானாகப் போய்ச் சரணடைந்து சிறைக்குப் போனார். அவர் போனபின் ஜப்பானைப் பார்த்து, கம்பெனிக்கு ஒரு சங்கம் என்ற யோசனைக்கும் கொஞ்ச காலம் மவுசு இருந்தது.

2012 நவம்பரில் எஸ்எம்ஆர்டி என்ற போக்குவரத்து நிறுவனத்தின் பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர் காலையில் வேலைக்குப் போகாமல் விடுதியிலேயே இருந்துவிட்டார்கள். எல்லோரும் சீனாவிலிருந்து வந்தவர்கள். அதே வேலை செய்யும் மலேசிய ஓட்டுநரைவிடச் சம்பளம் குறைவு. தங்கும் அறையில் மூட்டைப்பூச்சி. பொதுப் போக்குவரத்து அத்தியாவசியச் சேவை, 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை நிறுத்தக் கூடாது. 5 பேர் சிறைக்குப் போனார்கள், 29 பேரை ஊருக்கு அனுப்பினார்கள். அறை சுத்தமில்லாததை நிர்வாகமும் பின்னர் ஒத்துக்கொண்டது.

1972 மேசையில் இவர்களுக்கு நாற்காலி போடவில்லை. வெளிநாட்டு உடலுழைப்புத் தொழிலாளிக்குச் சேம நிதி கிடையாது, ஓட்டு கிடையாது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் போனவர்களைக் கேட்டால் தெரியும், வேலை பெர்மிட் என்பது கம்பெனியோடு கட்டிய கயிறு. முதலாளி ரத்து செய்தால் ஊருக்கு விமானம். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் அடைவதற்குள் அது நடந்துவிடக் கூடாதே என்ற பயத்திலேயே ஓவர்டைம் காசு குறைந்தாலும் பலர் வாய் திறப்பதில்லை. இவர்களுக்காக 2009ல் என்டியுசியும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து ஒரு நிலையம் தொடங்கின. 2017லிருந்து சம்பளப் புகாரை முதலில் சமரசப் பேச்சுக்கும், தீராவிட்டால் ஒரு நடுவர் மன்றத்துக்கும் கொண்டுபோகலாம். வக்கீல் வேண்டாம். சம்பளச் சீட்டும் நேர அட்டையும் கையிலிருந்தால் பணம் வந்துவிடும் வாய்ப்பு உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கவனித்தால், வாசலில் கூட்டமாக உட்கார்ந்த தகராறு இங்கே ஒரு டோக்கனாகி, ஓர் ஆள், ஒரு கோப்பு என்று கவுண்டருக்குப் போகிறது. பக்கத்துக் கட்டிலில் படுப்பவனுக்கும் அதே பாக்கி இருக்கலாம். அவன் தனி டோக்கன் எடுக்க வேண்டும்.

துப்புரவுக்கு வருவோம். 1967ல் சுப்பையாவின் ஆட்கள் அரசின் தினக்கூலிகளாகவாவது இருந்தார்கள். பிற்காலத்தில் துப்புரவு ஒப்பந்தக்காரர்கள் கைக்குப் போனது. யார் குறைவாக டெண்டர் போடுகிறாரோ அவருக்கு வேலை. குறைத்த காசு கூட்டுகிறவர் சம்பளத்திலிருந்து வரும். நாடு பணக்கார நாடாக ஏற ஏற இவர்கள் சம்பளம் நகரவில்லை. 2012ல் லிம் சோங் யாவே, சம்பள மன்றத்துக்கு 29 ஆண்டு தலைமை தாங்கியவரே, 1,500 வெள்ளிக்குக் கீழே வாங்குபவர்களுக்கு மூன்று ஆண்டில் 50 சதவீதம் உயர்த்துங்கள், 15,000க்கு மேல் வாங்குபவர்களுக்கு உயர்வை நிறுத்துங்கள் என்று கேட்டார். அரசு அதை ஏற்கவில்லை. பதிலாக, படிப்படியாக உயரும் சம்பள முறை வந்தது: 2014லிருந்து துப்புரவுக் கம்பெனி உரிமம் வாங்க வேண்டுமானால் உள்ளூர்த் தொழிலாளிக்குக் குறைந்தது 1,000 வெள்ளி அடிப்படைச் சம்பளம், பயிற்சிக்கும் பொறுப்புக்கும் ஏற்ப மேலே படிகள். அப்புறம் பாதுகாவல், தோட்டப் பராமரிப்பு என்று விரிந்தது. குறைந்தபட்சக் கூலி என்ற சொல்லை மட்டும் அரசு வாயால் சொல்ல மாட்டேன் என்கிறது. அந்தப் படிகளும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே.

2024 ஜனவரியில் லசாடா என்ற இணைய வர்த்தக நிறுவனம் சிங்கப்பூரில் ஆட்குறைப்பு செய்தது. அங்கே சங்கம் இருந்தது. ஆனால் அதனிடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. என்டியுசி வழக்கத்துக்கு மாறாக வெளிப்படையாகவே கோபப்பட்டது. மனிதவள அமைச்சு நடுவில் உட்கார்ந்து பேச வைத்தது, வேலை போனவர்களுக்குக் கூடுதல் உதவித்தொகை கிடைத்தது. பேச்சு முழுக்க எவ்வளவு கொடுப்பது என்பதைப் பற்றி. ஆளைக் குறைக்கலாமா கூடாதா என்ற கேள்வி அந்த மேசைக்கு வரவில்லை. 1968 ஆகஸ்டிலேயே அதை எடுத்து வைத்துவிட்டார்கள்.